மூன்று மெக்கானிக், மூன்று தீர்ப்பு: பேக்ஹோ லோடரில் புல்லிங் குறைந்தால் எங்கே தொடங்குவது?

கேள்வி: என்னிடம் 2016 மாடல் பேக்ஹோ லோடர் (முன்னால் மண் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையான பூமும் உள்ள வண்டி) இருக்கிறது. 8,200 மணி ஓடியிருக்கிறது. அஸ்திவாரம் தோண்டுவது, ஏரி மண் ஏற்றுவது, சூளைக்கு மண் தள்ளுவது என்று எல்லா வேலைக்கும் போகும். மூன்று மாதமாகப் புல்லிங் (இழுவை) இல்லை. முன்பக்க பக்கெட்டை மண் குவியலில் முட்டினால் இன்ஜின் அமுங்கிக் கரும்புகை தள்ளுகிறது. காலையில் பின்பக்க பூம் நன்றாக வேலை செய்கிறது. பதினொரு மணிக்கு மேல் வண்டி சூடேறியதும் எல்லா லீவரும் மந்தம். ஒரு மெக்கானிக் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் கியர்பாக்ஸை இறக்கி டார்க் கன்வர்ட்டர் பார்க்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர், ஹைட்ராலிக் அழுத்தம் எல்லை மீறாமல் திறந்துவிடும் மெயின் ரிலீஃப் வால்வை ஒரு சுற்று இறுக்கினார். அன்று மாலை வரை நன்றாக இருந்தது. மறுநாளிலிருந்து இன்ஜின் முன்பைவிட அதிகமாக அமுங்குகிறது. எதை முதலில் மாற்றுவது?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பம்ப்பைக் கழற்ற வேண்டாம், கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மீதியை ஓர் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) மீட்டரும் இரண்டு பிரஷர் கேஜும் அரை நாளில் சொல்லிவிடும்.

பேக்ஹோ லோடரில் சம்பாதிப்பது ஒருவர், செலவு செய்வது இருவர். சம்பாதிப்பது இன்ஜின். அதன் சக்தி ஒரு பக்கம் டார்க் கன்வர்ட்டர் (எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), கியர்பாக்ஸ், ஆக்ஸில் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. மறுபக்கம் ஹைட்ராலிக் பம்ப், வால்வு பேங்க் (லீவர்கள் இயக்கும் வால்வுகளின் தொகுதி), சிலிண்டர் வழியாக பக்கெட்டுக்குப் போகிறது. வரவு குறைந்தாலும் வண்டி திணறும், இருவரில் ஒருவர் வீணடித்தாலும் திணறும். ஆபரேட்டர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் 'புல்லிங் இல்லை' என்ற ஒரே குறையாகத்தான் தெரியும். உங்களிடம் வந்த மூவரும் ஆளுக்கொரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் கடிதத்தில் இருக்கும் துப்பைப் பார்ப்போம். குவியலில் முட்டும்போது இன்ஜின் அமுங்குகிறது என்கிறீர்கள். கியர்பாக்ஸ் கிளட்ச் நழுவினால் இன்ஜின் அமுங்காது. சுமையே அதற்கு வந்து சேராமல் சத்தம் ஏறும், சக்கரம் நிற்கும். உங்கள் வண்டியில் சுமை ஒழுங்காக இன்ஜினுக்கு வந்து சேருகிறது, அதைத் தாங்க இன்ஜினால் முடியவில்லை. ஆகவே கிளட்ச் நழுவல் ஏறக்குறைய விலகிவிட்டது. கன்வர்ட்டருக்குள் எண்ணெயைத் திருப்பிவிட்டு இழுவையைக் கூட்டும் ஸ்டேட்டர் கெட்டாலும் இன்ஜின் அமுங்கும் என்பதால் அதை மட்டும் சோதித்துத்தான் விலக்க வேண்டும்.

சூடேறியதும் லீவர்கள் மந்தமாவது தனிக் குறையாகக்கூட இருக்கலாம். இதற்கு ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் கண்டுபிடிக்க வேண்டும்: மதியம் பூம் மெதுவாக நகரும்போது இன்ஜின் சத்தம் இறங்குகிறதா, இல்லையா? சத்தம் இறங்கினால் அது இன்ஜின் குறையின் தொடர்ச்சி. சத்தம் இறங்காமல் பூம் மட்டும் மந்தமானால் எண்ணெய் எங்கோ உள்ளுக்குள்ளேயே கசிந்து திரும்பிப் போகிறது. ஒரு வண்டியில் இரண்டு குறையும் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல. 8,200 மணி ஓடிய வண்டியில் அதை எதிர்பார்த்தே சோதனையைத் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரிலீஃப் வால்வை அதன் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள். இறுக்கிய சுற்றை எண்ணித் தளர்த்தினால் போதாது, கேஜ் போட்டுப் பார்த்தே வைக்க வேண்டும். லீவரின் வேகம் எண்ணெயின் ஓட்டத்தால் வருவது. அழுத்தம் தருவது தூக்கும் பலத்தை மட்டுமே. ரிலீஃபை இறுக்கினால் வேகம் கூடாது. பக்கெட் முட்டி நிற்கும்போது பம்ப் இன்னும் அதிக அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ள வேண்டியிருக்கும், அந்தச் சுமை நேரே இன்ஜின் தலையில் விழும். ஏற்கெனவே திணறும் இன்ஜின் மறுநாளிலிருந்து அதிகமாக அமுங்கியதற்கு இதுவே காரணமாகியிருக்கலாம். இப்படியே ஓட்டினால் ஹோஸ் வெடிப்பது, கியர் பம்ப்பின் உடம்பில் விரிசல் விழுவது எல்லாம் பின்னால் வரும். ஆனால் அன்று மாலை வரை நன்றாக இருந்தது என்கிறீர்களே, அதையும் மறக்க வேண்டாம். ரிலீஃபின் ஸ்பிரிங் தளர்ந்தோ, அதன் சீட்டில் தூசி உட்கார்ந்தோ அழுத்தம் முன்பே குறைந்திருந்ததா என்பது கேஜில் தெரிந்துவிடும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒளி காட்டி அளக்கும் டிஜிட்டல் ஆர்பிஎம் மீட்டர் ஒன்று. டேஷ்போர்டில் உள்ளதை நம்பிச் சோதனை செய்யக்கூடாது. ஹைட்ராலிக்குக்கு 0–400 பார் கேஜ், கியர்பாக்ஸுக்கு 0–40 பார் கேஜ், இரண்டும் கிளிசரின் நிரப்பியதாக இருந்தால் முள் ஆடாது. வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று. செல்போனில் ஸ்டாப்வாட்ச். புத்தகத்தில் பார் என்று இருக்கும், கடையில் கிடைக்கும் கேஜில் பிஎஸ்ஐ அல்லது கிலோ என்று இருக்கும். இதில் குழம்பித் தவறாக வைக்கப்பட்ட ரிலீஃப் வால்வுகள் ஏராளம். 210 பார் என்பது சுமார் 3,045 பிஎஸ்ஐ, சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் 214 கிலோ. உங்கள் மாடலுக்கு உரிய அழுத்தம், ஸ்டால் ஆர்பிஎம் (சக்கரமோ சிலிண்டரோ நகர முடியாமல் நிற்க, முழு ஆக்ஸிலேட்டரில் இன்ஜின் காட்டும் ஆர்பிஎம்) எல்லாம் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் கிடைக்காவிட்டால் அதே மாடலில் நன்றாக ஓடும் வண்டி ஒன்றில் இதே சோதனைகளைச் செய்து அந்த எண்களோடு ஒப்பிடலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் சலுகையே கிடையாது. சமதளம், நான்கு சக்கரத்துக்கும் கட்டை, வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக்கூடாது, பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும். கேஜ் மாட்டும் முன் பக்கெட்டையும் பூமையும் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, எல்லா லீவரையும் நான்கைந்து முறை ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத்துண்டால் தேடுங்கள். 200 பார் அழுத்தத்தில் ஊசி முனை ஓட்டை வழியாகப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த அளவுக்குத்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படி நேர்ந்தால் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலோ கையோ போகும்.

ஸ்டால் சோதனைக்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. வண்டியை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் விடாமல் உரசுகிறது. ஹேண்ட் பிரேக்கின் கேலிப்பரையும் அளந்துவிடுங்கள். உரசும் பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டியில் இன்ஜினைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது சோதனை. கியர்பாக்ஸ் எண்ணெய் 80 டிகிரிக்கு அருகிலும், ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்தது 50 டிகிரியிலும் இருக்க வேண்டும். ஆறிய வண்டியில் எடுக்கும் எண்கள் எதற்கும் உதவாது. முதலில் சுமையில்லாமல் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஆர்பிஎம் எழுதுங்கள். அது மேனுவலில் உள்ள அளவுக்கு வரவில்லையா? இன்ஜின் பக்கம் போய், ஒருவர் மிதிக்க, டீசல் பம்ப்பின் லீவர் அதன் எல்லை ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பெடலுக்கு அடியில் இறுகிய மண், மடங்கிய மேட், நீண்டுபோன கேபிள், இந்த மூன்றும் இன்ஜினைக் கட்டும் செலவுக்கு ஆளைத் தள்ளிவிடக்கூடியவை. இன்ஜினுக்கு டீசலை நிறுத்தும் ஸ்டாப் சோலனாய்டின் லீவர் முழுதாகத் திறக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து கன்வர்ட்டர் ஸ்டால். இரண்டு பிரேக் பெடலையும் பூட்டிச் சேர்த்து முழு பலத்தோடு மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டால் சில வண்டிகளில் டிரைவ் தானாகவே துண்டித்துக்கொள்ளும், அதனால் கால் பிரேக்தான் சரி. மேனுவல் சொல்லும் மேல் கியரில், முன்னோக்கிப் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். சக்கரம் நிற்கும், இன்ஜின் ஓர் அளவுக்கு இறங்கி நிலைக்கும். அந்த ஆர்பிஎம்மை எழுதிவிட்டு உடனே காலை எடுங்கள். 10 விநாடிக்கு மேல் பிடிக்கவே கூடாது. இன்ஜினின் முழுச் சக்தியும் கன்வர்ட்டர் எண்ணெயில் வெப்பமாக மாறுவதால் எண்ணெய் கண்மூடித் திறப்பதற்குள் சூடேறும். நியூட்ரலில் போட்டு 1,000 ஆர்பிஎம் அளவில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு ஆற்றிய பிறகுதான் அடுத்த முறை. பின்னோக்கியும் ஒருமுறை எடுங்கள்.

மூன்றாவது ஹைட்ராலிக் ஸ்டால். நியூட்ரலில் வைத்து, முழு ஆர்பிஎம்மில், மேனுவல் சொல்லும் சிலிண்டரைக் கடைசி வரை ஓட்டி லீவரை விடாமல் பிடியுங்கள். ரிலீஃப் திறந்து கீச்சிடும். ஆர்பிஎம்மையும் கேஜ் அழுத்தத்தையும் ஒன்றாக எழுதுங்கள். இதையும் சில விநாடிகளுக்கு மேல் நீட்டாதீர்கள். கடைசியாக, கன்வர்ட்டர் ஸ்டாலையும் ஹைட்ராலிக் ஸ்டாலையும் ஒரே நேரத்தில் கொடுத்து ஓர் ஆர்பிஎம். நல்ல வண்டியில் ஹைட்ராலிக்கில் மட்டும் கொஞ்சம் இறங்கும், கன்வர்ட்டரில் அதைவிட அதிகம், இரண்டும் சேர்ந்தால் நன்றாகவே அமுங்கும். சேர்ந்த ஸ்டாலில் அமுங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். இந்த வகை வண்டிகளின் இன்ஜின் 74, 76 குதிரைத்திறன்தான், அதாவது 55 கிலோவாட் சுற்றுவட்டாரம்.

ஹைட்ராலிக் அதில் எவ்வளவு எடுக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பார் அளவை, நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். உதாரணத்துக்கு 33 சிசி, 23 சிசி என இரண்டு பிரிவுள்ள கியர் பம்ப் 2,200 ஆர்பிஎம்மில் சுற்றினால் 123 லிட்டர் தள்ளும். 210 பாரில் அது 43 கிலோவாட். பம்ப்பின் சொந்த இழப்பையும் சேர்த்தால் இன்ஜினிடம் 50-க்குக் கிட்டத்தில் கேட்கும். இன்ஜினின் மொத்த வரவே அவ்வளவுதான். அதனால்தான் இரட்டைப் பிரிவு பம்ப் உள்ள பல வண்டிகளில் அழுத்தம் ஏறியதும் ஒரு பிரிவின் எண்ணெயைச் சுமையில்லாமல் டேங்குக்குத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு வைத்திருக்கிறார்கள். இந்தச் சின்ன வால்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் குவியலில் முட்டும்போதெல்லாம் இரண்டு பிரிவும் முழுச் சுமை எடுத்து இன்ஜினை அமுக்கிக் கரும்புகை கிளப்பும். உங்கள் வண்டியின் அறிகுறிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. திறந்தபடியே சிக்கினால் இன்ஜின் சுகமாக இருக்கும், லீவர்கள் எப்போதும் பாதி வேகத்தில் நகரும்.

எண்களைப் படிப்பது இப்படி. கன்வர்ட்டர் ஸ்டால், ஹைட்ராலிக் ஸ்டால் இரண்டிலுமே ஆர்பிஎம் மேனுவல் அளவுக்குக் கீழே இருந்து, ஹைட்ராலிக் அழுத்தம் சரியான அளவிலேயே இருந்தால் குறை இன்ஜினில். கன்வர்ட்டரில் மட்டும் மிகவும் கீழே இறங்கி, ஹைட்ராலிக்கில் சரியாக இருந்தால் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் நழுவுகிறது. அந்த வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறும், ரோட்டில் வேகமெடுத்த பிறகு சாதாரணமாக ஓடும். அதே ஸ்டேட்டர் இறுகிச் சிக்கிவிட்டால் கதை தலைகீழ்: இழுவை நன்றாக இருக்கும், ரோட்டில் வேகம் வராது, கியர்பாக்ஸ் கொதிக்கும். கன்வர்ட்டர் ஸ்டாலில் ஆர்பிஎம் மேனுவல் அளவுக்கு மேலே நின்றால் நழுவல். ஹைட்ராலிக்கில் மட்டும் அதிகமாக அமுங்கினால் ரிலீஃப் அதிக அழுத்தத்தில் இருக்கிறது அல்லது அன்லோடர் திறக்கவில்லை. ஹைட்ராலிக்கில் ஆர்பிஎம் அசையவே இல்லை, அழுத்தமும் ஏறவில்லை என்றால் ரிலீஃப் அல்லது பம்ப். 50 ஆர்பிஎம் வித்தியாசத்தைப் பெரிதாக்க வேண்டாம்; 150, 200 என்று வந்தால் விடக்கூடாது.

நழுவல் தெரிந்தாலும் உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். எண்ணெய் அளவு, நுரை, உறிஞ்சும் வழியில் உள்ள வடிகட்டி (சக்ஷன் ஸ்ட்ரெய்னர்) மூன்றையும் பார்த்துவிட்டு, கிளட்ச் அழுத்தத்தை முன்னோக்கியும் பின்னோக்கியும் அளக்க வேண்டும். ஹைட்ராலிக்கோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அழுத்தம், பத்துப் பதினைந்து பார் அளவில்தான் இருக்கும். அதில் ஓரிரண்டு பார் குறைந்தாலே கிளட்ச் பிடிக்காது. முன்னோக்கிப் போட்டால் மட்டும் இறங்குகிறது என்றால் அந்தக் கிளட்ச்சின் சீல் கசிகிறது. இரு பக்கமும் ஒரே அளவு குறைந்தால் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் தள்ளும் சார்ஜ் பம்ப், ரெகுலேட்டர் வால்வு, ஸ்ட்ரெய்னர். இவற்றில் பாதியைக் கியர்பாக்ஸை இறக்காமலே சரி செய்யலாம்.

உங்கள் வண்டியில் இன்ஜின் குறை வெளிப்படும் என்றே எதிர்பார்க்கிறேன். புகையின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழி சுருங்கும். அமுங்கும்போது கரும்புகை வந்தால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது சுமை அளவுக்கு மீறியிருக்கிறது. புகையே இல்லாமல் அமுங்கினால் டீசல் வந்து சேரவில்லை. ஆகவே காற்றிலிருந்து தொடங்குங்கள். செங்கல் சூளை, ஏரி மண் என்று புழுதியிலேயே இருக்கும் வண்டி இது. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே உறிஞ்சும் தடையை அளந்தால் 25 அங்குல நீர்மட்டம், அதாவது 635 மில்லிமீட்டர், பொதுவான மேல் எல்லை. அதைத் தாண்டினால் ஃபில்டர் முடிந்தது. அளக்க வசதியில்லாவிட்டால் புது ஃபில்டர் போட்டு கன்வர்ட்டர் ஸ்டாலை மறுபடி எடுங்கள். ஆர்பிஎம் ஏறினால் அதுவே சாட்சி. ஃபில்டரை டயரில் தட்டுவதும், 7, 8 பார் காற்றை முகத்தில் வைத்து அடிப்பதும் காகிதத்தைக் கிழித்துவிடும். உள்ளிருந்து வெளியே, 2 பாருக்கு மிகாமல் ஊத வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஃபில்டர் சரியென்றால், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து இன்ஜினின் காற்று மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளாம்புகளைப் பாருங்கள். சோப்பு நீர் பூசி, முழு ஆர்பிஎம்மில் குமிழ் வருகிறதா என்று பார்க்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடமே பெரும்பாலும் காற்றுக் கசிவு. டர்போவின் ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இருக்கலாம், இறக்கை உறையைத் தொடக்கூடாது. சைலன்சருக்குள் தகடு கழன்று அடைத்துக்கொள்வதும் உண்டு. அதைத் தளர்த்திவிட்டு ஒரு ஸ்டால் எடுத்தால் தெரியும். ஒரு விஷயம், டர்போ இல்லாத இன்ஜினை ஊட்டிக்குக் கொண்டுபோனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு தானாகவே குறையும். அங்கே வேலை செய்பவர்கள் மேனுவல் எண்ணோடு அப்படியே ஒப்பிடக்கூடாது.

டீசல் பக்கத்துக்கு ஐந்து லிட்டர் கேன் சோதனை போதும். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, கேனில் நல்ல டீசல் ஊற்றி, நிறம் தெரியும் குழாய் வழியாக நேரே லிஃப்ட் பம்ப்புக்குக் கொடுத்து, புது ஃபில்டரோடு ஸ்டால் எடுங்கள். ஆர்பிஎம் கூடினால் டேங்க் ஸ்ட்ரெய்னர், டேங்க் மூடியின் காற்று ஓட்டை, குழாய் இணைப்பில் காற்று இழுப்பு என்று வெளியிலேயே குறை முடிந்துவிடும். சைட்டில் டிரம்மில் வாங்கி வைத்து ஊற்றும் டீசலாக இருந்தால் வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் காலையில் இன்ஜின் ஓட்டும் முன் வடியுங்கள். இதெல்லாம் தாண்டியும் குறை நின்றால்தான் வால்வு கிளியரன்ஸ், இன்ஜெக்டர், டைமிங், கடைசியாக கம்ப்ரஷன். இன்ஜின் கட்டும் பேச்சு கம்ப்ரஷன் எண் கையில் வந்த பிறகே வர வேண்டும்.

சூட்டில் மந்தமாகும் பிரச்சினைக்கு ஸ்டாப்வாட்ச் போதும். முன்பக்க ஆர்மைக் காலி பக்கெட்டோடு, முழு ஆர்பிஎம்மில், தரையிலிருந்து உச்சி வரை தூக்கி நேரம் எடுங்கள். காலையில் டேங்க் எண்ணெய் 40 டிகிரியில் ஒன்று, மதியம் 70 டிகிரியில் ஒன்று. பிறகு பக்கெட் நிறைய மண்ணோடு இரண்டு. காலியாகவும் மெதுவாகப் போனால் ஓட்டமே வரவில்லை: சக்ஷன், அன்லோடர், இன்ஜின் ஆர்பிஎம். காலியாக நன்றாகப் போய், சுமையோடு மெதுவானால் அழுத்தம் ஏறும்போது கசிகிறது: பம்ப், ரிலீஃப், சிலிண்டர் சீல். நேரத்திலிருந்து ஓட்டத்தையும் கணக்கிடலாம். 80 மில்லிமீட்டர் உள்விட்டமும் 750 மில்லிமீட்டர் நீட்டமும் உள்ள லிஃப்ட் சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 3.77 லிட்டர், இரண்டுக்கு 7.54. நான்கு விநாடியில் எழுந்தால் நிமிடத்துக்கு 113 லிட்டர் வருகிறது. ஆறு விநாடிக்கு மேல் எடுத்தால் 75-க்கும் கீழே, அதாவது மேலே சொன்ன பம்ப்பில் ஒரு பிரிவு மட்டும் வேலை செய்கிறது என்று பொருள். உங்கள் சிலிண்டரின் அளவை மேனுவலில் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள்.

எல்லா லீவரும் ஒன்றாக மந்தமானால் பொதுவான பாகங்களில்தான் தேட வேண்டும். ஒரே ஒரு வேலை மட்டும் மந்தம் என்றால் அந்தச் சிலிண்டர், அதன் துணை ரிலீஃப், அதன் ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து எண்ணெயைத் திருப்பும் தண்டு). உங்களுக்கு எல்லாமே மந்தம். எனவே எண்ணெயைப் பாருங்கள். 46 கிரேடு எண்ணெயின் தடிப்பு 40 டிகிரியில்தான் 46. 80 டிகிரியில் அது 11, 12-க்கு இறங்கி நான்கில் ஒரு பங்காகிவிடும். தேய்ந்த பம்ப்பில் அந்த மெல்லிய எண்ணெய் இடைவெளி வழியாக ஓடிவிடும். 68 கிரேடை மேனுவல் அனுமதித்தால் சித்திரை வெயிலில் அதுதான் சரி, ஆனால் அது தேய்மானத்துக்கு மருந்தாகாது. எண்ணெய் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலரில் வைக்கோலும் மண்ணும் அப்பியிருக்கும். ஃபேன் காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

கூலர் சுத்தமாக இருந்தும் சூடேறினால் கசிவே அடுப்பாக இருக்கிறது. 210 பார் அழுத்தம் எந்த வேலையும் செய்யாமல் வீணாக இறங்கினால் அந்த எண்ணெய் 12, 13 டிகிரி சூடாகும். இதை வைத்தே திருடனைப் பிடிக்கலாம்: வண்டி சூடான பிறகு வால்வு பேங்கின் ஒவ்வொரு ரிலீஃபின் தலையையும் தெர்மாமீட்டரால் அளந்து வாருங்கள். பக்கத்தில் இருப்பதைவிடப் பத்து டிகிரி அதிகமாகச் சுடும் வால்வு கசிகிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஓ-ரிங் மாற்றிப் போட்டாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

ஆர்ம் தானாக இறங்குவதைப் பார்த்து சிலிண்டர் சீல் கிட் மாற்றுபவர்கள் பலர். பிஸ்டன் சீல் மட்டும் கசிந்தால், வெளியேற வழியில்லாத எண்ணெய் பிஸ்டன் தண்டு இருக்கும் ராட் பக்கத்தில் முழுதாக அடங்காது. ஆர்ம் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். தொடர்ந்து இறங்கினால் பெரும்பாலும் ஸ்பூல் அல்லது துணை ரிலீஃப். சீலைத் தனியாகச் சோதிக்க, சிலிண்டரைக் கடைசி வரை நீட்டி, ஆர்மைக் கட்டையில் தாங்கி, இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் விட்ட பிறகு ராட் பக்க ஹோஸைக் கழற்றுங்கள். கழற்றிய ஹோஸை பிளக் போட்டு அடைத்து, பிறகு மெதுவாக நீட்டும் லீவரைப் பிடித்தால், சிலிண்டரின் திறந்த துளையிலிருந்து சொட்டினால் பரவாயில்லை, ஓடினால் சீல் போய்விட்டது.

பம்ப்பைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் இன்னும் இரண்டு சாட்சி வேண்டும். ரிட்டர்ன் ஃபில்டரை வெட்டி, காகிதத்தை விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டும் தூள் இரும்பு. ஒட்டாமல் மினுங்குவது பம்ப்பின் உடம்போ புஷ்ஷோ தேய்ந்து வந்தது. கறுப்பு ரப்பர் துணுக்குகள் சிலிண்டர் சீல். ஃபில்டரில் மினுக்கம் நிறைய இருந்து, சுமையோடு நேரம் அதிகரித்து, ரிலீஃப் வால்வுகள் சூடேறாமல் இருந்தால் பம்ப் மாற்றுவது நியாயம். அப்போதும் டேங்கைக் கழுவி, ஃபில்டரும் எண்ணெயும் மாற்றிய பிறகே புதுப் பம்ப்பை மாட்டுங்கள். பழைய பம்ப் உதிர்த்த தூள் புதியதைத் தின்றுவிடும்.

2021 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் எலெக்ட்ரானிக். அவற்றில் ஒரு சென்சார் பிழை காட்டினாலும் கணினி தானாகவே சக்தியைக் குறைத்து வைக்கும், ஸ்டால் ஆர்பிஎம்மும் குறையும். அங்கே ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டைப் படிப்பதுதான் முதல் வேலை. உங்கள் 2016 வண்டிக்கு இது தேவைப்படாது.

ஆகவே உங்கள் வரிசை: ரிலீஃபைக் கேஜ் வைத்துச் சரியான அளவுக்குக் கொண்டு வாருங்கள், ஹப் சூட்டைப் பாருங்கள், நான்கு ஆர்பிஎம் எண்களை எடுங்கள், புது ஏர் ஃபில்டரோடும் கேன் டீசலோடும் அவற்றை மறுபடி எடுங்கள், ஹைட்ராலிக்கில் மட்டும் அமுங்கினால் அன்லோடரைக் கழற்றுங்கள். தூக்கும் நேரங்களை அதே நாளில் காலையும் மதியமும் எடுத்துவிடலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எண்ணெயின் வெப்பத்தையும், வண்டி ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் எண்ணையும் எழுதுங்கள்.

மதிய அளவில் காலியாகவும் மெதுவாக இருந்து, பம்ப் ஊளையிட்டு, டேங்கில் நுரை தெரிந்தால், டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் தடித்த சக்ஷன் ஹோஸை முழு ஆர்பிஎம்மில் ஒருவர் பார்த்தபடி நிற்கட்டும். பழைய ஹோஸின் உள் ரப்பர் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே லேசாகச் சப்பையாவது தெரியும். இணைப்புகளில் கிரீஸைத் தடித்துப் பூசினால் ஊளை நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த இணைப்பில்தான் காற்று இழுக்கிறது. ஓர் ஓ-ரிங்கும் ஒரு கிளாம்பும் வாங்கினால் போதும்.